கூடிச் செய்தால் கூடும் நலம்

(தலைப்பு: உடல்நலம் காக்கப் பெரிதும் கைகொடுப்பது தனி முயற்சியே! கூட்டு முயற்சியே! – ‘கூட்டு முயற்சியே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது)

அன்பும் பண்பும் நிறைந்த நடுவர் அவர்களே! எங்கள் அணியின் தலைவர் அவர்களே! ‘தனி முயற்சிதான் சிறந்தது, தனி முயற்சிதான் சிறந்தது’ என்று சொல்வதற்காக மூன்று பேராகக் கூடி வந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு, கைதட்டல்) அரங்கத்திலே திரண்டிருக்கிற பெரியோர்களே! வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையிலே முறுக்கை வைத்துக்கொண்டு, உடற்பயிற்சி பற்றிய பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மார்களே! (சிரிப்பு) 

எனக்கு முன்னாலே பேசிய தம்பி ரொம்ப அழகாகப் பேசினார். “தினமும் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறேன். தெப்பக்குளத்தை நாலு சுத்து தனியா நடக்கிறேன். யாரையும் நம்பி நான் இல்லை. வீட்டுக்கு வந்தா சூடா ஒரு காபி. வாழ்க்கை எவ்வளவு சுகமா இருக்கு தெரியுமா?” அப்படின்னார். எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன்.

தம்பி! ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். கோவிச்சுக்கக் கூடாது. அந்தச் சூடான காபியைப் போட்டது யாரு? (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அம்மாதானே! நீங்க நாலு சுத்து சுத்தும்போது அம்மா எங்கே இருந்தாங்க? அடுப்படியில. உங்க தனி முயற்சிக்குப் பின்னாடி ஒரு கூட்டு முயற்சி இருக்குங்க! அது உங்க கண்ணுக்குத் தெரியலை. காபி டம்ளர்ல ஆவி பறந்ததாலே மறைச்சிருச்சு போல. (சிரிப்பு)

நடுவர்: தம்பி முகத்துல இப்பத்தான் வேர்க்குதும்மா. நாலு சுத்து நடந்தப்பக்கூட இவ்வளவு வேர்த்திருக்காது! (சிரிப்பு)

நன்றிங்கய்யா. நான் கேட்க வந்தது இதுதான். யாருக்கு உடல்நலம்? கல்யாணம் ஆகாத தம்பிக்கா? ஓய்வு பெற்று, பேப்பர் படிச்சு முடிச்சு, அடுத்து என்ன செய்யலாம்னு யோசிக்கிற பெரியவருக்கா? அவங்களுக்குத் தனி முயற்சி கைகொடுக்கலாம். நான் வாதாடுறது வேற ஆளுக்காக. ரெண்டு பிள்ளை, ஒரு வேலை, ஒரு மாமியார், ஒரு மாவு வாளி... இத்தனையையும் வச்சுக்கிட்டு ஓடிக்கிட்டே இருக்கிற அம்மா அப்பாவுக்காக. நேரமே இல்லாதவனுக்கு எது கைகொடுக்கும்ங்கிறதுதானே நிஜமான கேள்வி? நேரம் இருக்கிறவனுக்கு எதுவுமே கைகொடுக்கும்!

மத்திய அரசு 2024-ஆம் ஆண்டிலே ஒரு கணக்கு எடுத்தது, நடுவர் அவர்களே. நம்ம நாட்டு மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறாங்க என்கிற கணக்கு. வீட்டு வேலை செய்கிற பெண்கள், அந்த வேலைக்கு ஒரு நாளைக்குச் செலவிடுவது சராசரி 289 நிமிடம். வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 88 நிமிடம். ‘செய்கிற ஆண்கள்’னுதான் சொல்லியிருக்கு, கவனிங்க! செய்யாதவங்க அந்தச் சராசரியிலேயே வரலை. (சிரிப்பு, கைதட்டல்)

சரி, இவ்வளவு வேலை செய்ற பெண்களோட உடம்பு எப்படி இருக்கணும்? எஃகு மாதிரி இருக்கணும் இல்லையா? அதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. 2022-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து, 2024-ல் ‘லான்செட்’ குழும மருத்துவ இதழிலே வந்த ஆய்வு. வீட்டு வேலை, வெளி வேலை, நடை, விளையாட்டு எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தும், உடம்புக்கு வேண்டிய அளவு அசைவு இல்லாதவங்க இந்தியாவில் பெண்கள்ல 100-க்கு 57 பேர், ஆண்கள்ல 100-க்கு 42 பேர். நாள் பூரா நிற்கிறா. நாள் பூரா களைப்பா இருக்கா. ஆனா உடம்புக்கு வேண்டியது உடம்புக்குக் கிடைக்கலை.

எங்க அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன். சர்க்கரை வியாதியோட இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தினாங்க. அறுபது வயசுலே தரையில உட்கார்ந்தா எந்திரிக்க ரெண்டு பேர் கை கொடுக்கணும். அப்பாவுக்கு மாத்திரை எடுத்து வைக்க மறக்க மாட்டாங்க. தன்னோட மாத்திரை தீர்ந்து நாலு நாள் ஆகியிருக்கும், யாருக்கும் தெரியாது. கேட்டா, “எனக்கென்னடி, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்பாங்க. அந்த ‘எனக்கென்ன’ என்ற வார்த்தை தமிழ்நாட்டுத் தாய்மார்களோட தேசிய கீதங்க! (கைதட்டல்) அம்மா இப்ப இல்லை. எனக்கு நாற்பத்தொண்ணு வயசு நடக்கும்போது, மூணு மாசச் சர்க்கரையோட சராசரியைக் காட்டுற ரத்தப் பரிசோதனை பண்ணினேன். 6.2 வந்தது. 5.7-லிருந்து 6.4 வரைக்கும் இருந்தா வியாதிக்கு முந்தைய படின்னு அர்த்தம். வீட்டு வாசல்ல வந்து செருப்பைக் கழட்டிக்கிட்டு நிக்குது, இன்னும் உள்ளே வரலை! (சிரிப்பு)

இதிலே ஒரு நல்ல செய்தியும் உண்டு. அந்தப் படியிலே நிற்கிறவங்களைத் திருப்பி அனுப்ப முடியும். நம்ம சென்னையிலே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. சாப்பாட்டையும் உடல் உழைப்பையும் ஒழுங்குபடுத்திக்கிட்டவங்களுக்குச் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைஞ்சுது. காரணம் என்னன்னா, சர்க்கரையை உள்ளே இழுத்துச் செலவழிக்கிற பெரிய கிடங்கு நம்ம தசைதான். தசை வேலை செய்தா, ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை அது கேட்டு வாங்கிக்கும். வேலை செய்யாட்டி, சர்க்கரை ரத்தத்திலேயே ஊர் சுத்தும்.

டாக்டரம்மா எனக்குச் சொன்னது ரொம்ப எளிமையான கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கும் அதுதான். வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிடம் மிதமான பயிற்சி. மிதம்னா என்ன அளவு? செய்யும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதோட வாரம் ரெண்டு நாளாவது தசைக்குப் பலம் தர்ற பயிற்சி. அவ்வளவுதான். வாரத்துக்கு மொத்தம் 10,080 நிமிடம். அதில் 150 நிமிடம் என்றால் நூறு ரூபாயிலே ஒண்ணரை ரூபாய். இதுகூட இல்லையா உங்கிட்டேன்னு கேட்கலாம். இருக்குங்க. ஆனா ஒரு தாயோட நேரம் நோட்டா இருக்காது, சில்லறையா இருக்கும். இங்கே ரெண்டு நிமிஷம், அங்கே மூணு நிமிஷம். குக்கர் மூணாவது விசில் அடிக்கிறதுக்குள்ளே ஒரு நிமிஷம். அந்தச் சில்லறையைப் பொறுக்கி நோட்டா மாத்துறதுதான் கஷ்டம்.

“அதுக்கென்ன, வீட்டுலேயே அரை மணி நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டியதுதானே” என்று எதிரணித் தலைவர் கேட்டார். ஐயா! நம்ம ஊர் பஸ்ஸிலே நீங்க ஏறியிருப்பீங்க. ஒரு சீட்டு காலியா இருந்தா என்ன ஆகும்? ஜன்னல் வழியா ஒரு துண்டு வந்து விழும்! (சிரிப்பு) ஒரு அம்மா, ‘இது எனக்கான நேரம்’னு வீட்டுக்குள்ளே அரை மணி நேரம் ஒதுக்கி வச்சா, அந்த வீடு அதைக் காலி சீட்டுன்னு நினைக்கும். பையன் ஒரு துண்டு போடுவான், “அம்மா, என் சாக்ஸ் ஒண்ணைக் காணோம்.” பொண்ணு ஒரு துண்டு போடுவா, “அம்மா, இன்னிக்குச் சார்ட் கொண்டு போகணும், நேத்தே சொல்ல மறந்துட்டேன்.” எங்க வீட்டுக்காரர் துண்டு போட மாட்டார். குளிக்கப் போய்ட்டு, “துண்டை எடுத்துட்டு வா” என்பார்! (பலத்த சிரிப்பு)

யாரும் கெட்டவங்க இல்லை, நடுவர் அவர்களே. அம்மா கண்ணெதிரே இருந்தா கூப்பிடத்தான் செய்வாங்க. அதனாலே நானும் ஒரு துண்டு போட்டேன். அந்தத் துண்டுக்குப் பேருதான் வகுப்பு.

எங்க தெருவிலே ஒரு பாலர் பள்ளிக்கூடம் இருக்கு. காலையிலே ஒன்பது மணி வரைக்கும் அந்தக் கூடம் சும்மாத்தான் கிடக்கும். ஓய்வு பெற்ற பி.டி. டீச்சர் ஒருத்தர் அதைப் பேசி வாங்கி, திங்கள், புதன், வெள்ளி மூணு நாள், ஐந்தே முக்காலிலிருந்து ஆறு முப்பத்தைந்து வரைக்கும் வகுப்பு நடத்துறாங்க. ஐம்பது நிமிடம். மூணு நாளைக்கு எவ்வளவு ஆச்சு? நூத்தி ஐம்பது! டாக்டரம்மா சொன்ன ஒண்ணரை ரூபாய் அப்படியே கையிலே வந்துருச்சு. (கைதட்டல்)

உள்ளே போனா சுவர் பூரா படம். அம்மா, ஆடு, இலை, ஈ. அதுக்குக் கீழே பதினெட்டு பேர். பத்தொன்பது வயசு மருமகளும் இருக்கு, அறுபத்து மூணு வயசு மாமியாரும் இருக்காங்க. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணுமேன்னு வர்ற அப்பாக்களும் நாலு பேர் உண்டு. முதல் நாள் டீச்சர் ஒவ்வொருத்தரையும் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாங்க. “ரத்த அழுத்தம் உண்டா? நெஞ்சுவலி வந்திருக்கா? பிரசவம் ஆபரேஷனா? எத்தனை மாசம் ஆச்சு? முட்டி வலிக்குதா?” வலி இருக்கிறவங்களை, டாக்டர்கிட்டே கேட்டுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பினாங்க. அப்பவே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு.

முதல் பத்து நிமிடம் உடம்பைச் சூடேத்துறது. அடுத்த இருபது நிமிடம் பாட்டுக்கு ஏத்த மாதிரி கால் மாத்தி வைக்கிறது, முன்னே, பின்னே, பக்கவாட்டிலே. அடுத்த பதினைந்து நிமிடம் தசைக்கு. அதுக்கு இரும்பெல்லாம் கிடையாது. ஆளுக்கு ரெண்டு தண்ணி பாட்டில் கொண்டு வரணும். ஒரு லிட்டர் தண்ணின்னா ஒரு கிலோ. தூக்கி முடிச்சதும் குடிச்சிடலாம்! (சிரிப்பு) அப்புறம் நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ற மாதிரி உட்கார்ந்து எந்திரிக்கணும். பிள்ளையார் முன்னாடி தோப்புக்கரணம் போடுவோமே, அதுதான். அவர் முன்னாடி மூணு போட்டுட்டு முப்பது கோரிக்கை வைப்போம். இங்கே முப்பது போடணும், ஒரு கோரிக்கையும் வைக்கக்கூடாது! (சிரிப்பு, கைதட்டல்) கடைசி ஐந்து நிமிடம் கை காலை நீட்டித் தளர்த்தறது.

இதையெல்லாம் செல்போனைப் பார்த்தே செய்யலாமேன்னு எதிரணி கேட்கும். செய்யலாம். ஆனா முட்டி உள்பக்கமா வளையுதுன்னு செல்போன் சொல்லாதுங்க. டீச்சர் சொல்வாங்க. “முட்டி வெளியே, முதுகு நேரே” என்று நூறு தடவை சொல்வாங்க. அதைவிட முக்கியம் ஒண்ணு இருக்கு. நான் இன்னிக்கு வரலைன்னு செல்போனுக்குத் தெரியாது. பதினெட்டு பேருக்குத் தெரியும்.

கூடச் செய்தால் அதிகம் செய்வோம் என்பது நான் கண்டுபிடிச்சது இல்லை. 1898-ல் நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்கர், சைக்கிள் பந்தயக் கணக்குகளை எல்லாம் வச்சுப் பார்த்தார். தனியா கடிகாரத்தோடு போட்டி போட்டு ஓட்டுகிறவனைவிட, பக்கத்திலே ஆள் வரும்போது ஓட்டுகிறவன் வேகமா ஓட்டுறான்னு எழுதி வச்சார். அப்புறம் 1920-களில் ஜெர்மனியிலே ஓட்டோ கோலர் என்பவர், பெர்லின் நகரத்துப் படகுச் சங்க ஆட்களை வச்சு ஒரு சோதனை செய்தார். தனியா எடை தூக்கச் சொன்னார். பிறகு ரெண்டு பேரை ஒரே கம்பியைப் பிடிச்சுத் தூக்கச் சொன்னார். ஒருத்தன் விட்டா இன்னொருத்தனாலேயும் முடியாது. என்ன ஆச்சு? பலம் குறைஞ்சவன், தனியாச் செய்ததைவிட அதிக நேரம் தாக்குப் பிடிச்சான்! நம்மாலே அடுத்தவன் விட்டுடக் கூடாதேங்கிற எண்ணம். இதிலே ஒரு நுணுக்கமும் உண்டு. ரெண்டு பேருக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமா இருந்தா அந்தப் பலன் இல்லை. ஓரளவு வித்தியாசம் இருந்தாத்தான் பலன். அதனாலேதான் சொல்றேன், படத்திலே வர்ற கட்டுமஸ்தான ஆளைப் பார்த்தா நமக்குப் பெருமூச்சுதான் வரும். எதிர்வீட்டு அக்கா பன்னிரண்டு போடும்போது நாம பத்தோட நின்னா, ‘இன்னும் ரெண்டு’ன்னு மனசு சொல்லும். (கைதட்டல்)

2009-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. பன்னிரண்டு படகோட்டிகள். துடுப்பு போடுற இயந்திரத்திலே தனித்தனியாவும் செய்தாங்க, சேர்ந்தும் செய்தாங்க. சேர்ந்து செய்த பிறகு அவங்க வலியைத் தாங்குகிற அளவு, தனியாச் செய்த பிறகு இருந்ததைவிட அதிகமா இருந்தது. நாற்று நடுகிறவங்களும், சுண்ணாம்பு இடிக்கிறவங்களும், வலை இழுக்கிறவங்களும் ஏன் சேர்ந்து பாடிக்கிட்டே வேலை செய்தாங்கன்னு இப்பப் புரியுதா? ஆக்ஸ்ஃபோர்டுலே இயந்திரம் வச்சுக் கண்டுபிடிச்சதை நம்ம ஆளுங்க வயக்காட்டுலே எப்பவோ கண்டுபிடிச்சுட்டாங்க! (பலத்த கைதட்டல்)

ஜப்பானைப் பாருங்க. 1928-லிருந்து வானொலியிலே உடற்பயிற்சி ஒலிபரப்புறாங்க. போருக்குப் பிறகு கொஞ்ச வருஷம் நின்னு, 1951-ல் மறுபடி ஆரம்பிச்சுது. இன்னிக்கும் காலையில ஆறரை மணிக்குப் பியானோ சத்தம் கேட்கும். பூங்காவிலே தாத்தா பாட்டிகள் சேர்ந்து செய்வாங்க. கோடை விடுமுறையிலே பிள்ளைங்க கழுத்திலே ஒரு அட்டையை மாட்டிக்கிட்டு வரும். வந்ததுக்கு அந்த அட்டையிலே முத்திரை குத்துவாங்க. யோசிச்சுப் பாருங்க. வானொலிதான் வீட்டுக்கு வீடு இருக்கே, அவனவன் வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடாதா? அப்படியும் பூங்காவுக்கு ஏன் வர்றாங்க? வந்தா ஒருத்தர் பார்ப்பாங்க. வரலைன்னா ஒருத்தர் கேட்பாங்க.

எதிரணித் தலைவர் ஒரு பெரிய ஆதாரம் காட்டினார். 1953-ல் லண்டன் பஸ் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு ஜெரி மோரிஸ் என்ற டாக்டர் எழுதிய ஆய்வு. ஒரே மாடி பஸ், ஒரே புகை, ஒரே பாதை. உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கின கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. “பாருங்கள், எந்த வகுப்புக்கும் போகாமல் தன் வேலையாலேயே அவர் தப்பித்தார்” என்றார். அருமையான ஆதாரம். ஆனா அந்தக் கண்டக்டர் ஏன் படி ஏறினார்? மேலே டிக்கெட் வாங்க ஆள் காத்திருக்கு! தனியா ஒரு காலி பஸ்ஸிலே அவரை விட்டிருந்தா ஏறி இறங்கியிருப்பாரா? கீழ் சீட்டிலே காலை நீட்டித் தூங்கியிருப்பார்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அவங்க கூட்டிட்டு வந்த கண்டக்டரை உங்க பஸ்ஸிலே ஏத்திட்டீங்களேம்மா! (சிரிப்பு)

ஆமாங்கய்யா, டிக்கெட்டும் வாங்கிட்டேன்!

இன்னொரு குற்றச்சாட்டு. வகுப்புக்குப் போனா காசு. இதுக்கு நான் ஒரு உண்மைச் சம்பவத்தைப் பதிலாச் சொல்றேன். சம்பந்தப்பட்ட அக்காவே சொல்லச் சொன்னதாலே சொல்றேன்.

எங்க வகுப்பிலே மாசம் அறுநூறு ரூபாய். அந்த அக்கா ஒரு வருஷமா வந்துக்கிட்டிருந்தாங்க. திடீர்னு ஒரு வாரம் வரலை. கேட்டா, “முட்டி வலி, இனிமே முடியாது” என்றாங்க. ஆனா முட்டியிலே வலி இல்லை. அவங்க வீட்டுக்காரரோட கடையை மூட வேண்டி வந்துருச்சு. அறுநூறு ரூபாய்ன்னா பிள்ளையோட டியூஷன் பணத்திலே பாதி. ஒரு குடும்பத்திலே பணம் குறைஞ்சா முதல்ல எது வெட்டுப்படும்? அப்பாவோட சிகரெட்டா? பிள்ளையோட படிப்பா? இல்லை. அம்மாவோட செலவு. அதுவும் உடம்புக்குன்னு செய்ற செலவு.

டீச்சர் ஒண்ணுமே கேட்கலை. மறுநாள் சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போனாங்க. “எனக்கு அஞ்சரைக்கு வந்து கதவைத் திறக்க முடியலை, தூரமா இருக்கு. நீங்கதான் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வீடு. இந்தச் சாவியை வச்சுக்குங்க. கதவைத் திறந்து, லைட்டைப் போட்டு, குட்டி நாற்காலியை ஓரமா அடுக்கி வச்சிருங்க. அதுக்கு நான் ஒண்ணும் தர முடியாது. நீங்களும் எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்” என்று சொல்லிச் சாவியை அவங்க உள்ளங்கையிலே வச்சுட்டு வந்துட்டாங்க.

நடுவர் அவர்களே! அன்னையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் அந்த அக்கா ஒரு நாள்கூட நின்னது இல்லை. மழை பெஞ்சாலும் வருவாங்க. ஏன்? அவங்க வரலைன்னா பதினேழு பேர் தெருவிலே நிக்கணும்! (நீண்ட கைதட்டல்) தனியா நடந்து போக அவங்களுக்குக் காசு வேண்டியதில்லை. தெரு இலவசம்தான். கடை மூடின அந்த வாரத்திலே அவங்க நடந்தாங்களா? இல்லை. படுத்தே கிடந்தேன்னு அவங்களே சொன்னாங்க. அவங்களை எழுப்பினது ஒரு சாவி.

இங்கேதான் என் வாதத்தின் மையத்துக்கு வர்றேன். எதிரணி திரும்பத் திரும்பச் சொல்கிறது: “மன உறுதி வேண்டும், மன உறுதி இருந்தால் தனியாகவே சாதிக்கலாம்.” ஐயா, தாய்க்கா மன உறுதி இல்லை? பிள்ளைக்குக் காய்ச்சல்னா மூணு ராத்திரி தூங்காம உட்கார்ந்திருப்பா. மாமனாருக்கு வேளா வேளைக்குக் கஞ்சி கொடுப்பா. அடுத்தவங்களுக்குக் கொடுத்த வாக்கை அவ மீறவே மாட்டா. அவ மீறுகிறது ஒரே ஒரு வாக்கு, தனக்குத் தானே கொடுத்துக்கிட்ட வாக்கு. ‘நாளையிலேயிருந்து நடக்கணும்’ என்று தனக்குத் தானே சொல்லிக்கிறது கடன் பத்திரம் இல்லாத கடன் மாதிரி. கேட்க ஆள் கிடையாது.

வகுப்பு என்ன செய்யுது? அந்த வாக்கைப் பதினெட்டு பேருக்குக் கொடுத்த வாக்கா மாத்திருது. நான் போகலைன்னா ஆறு ஐம்பதுக்குப் போன் வரும். “என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா, சட்னி அரைச்சுக் கொடுத்து விடட்டுமா?” என்று. அடுத்தவங்களுக்காகவே வாழ்ந்து பழகின ஒருத்தியை, அந்தப் பழக்கத்தை வச்சே, அவளுக்காகக் கொஞ்சம் வாழ வைக்கிறது கூட்டு முயற்சி! (பலத்த கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

முடிச்சுடறேங்கய்யா. ‘எத்தனை கிலோ குறைஞ்சே’ன்னு எதிரணி கேட்கும். எட்டு மாசத்திலே மூணு கிலோ. சிரிக்கிறவங்க சிரிச்சுக்குங்க. ஆனா சர்க்கரைச் சராசரி 6.2 இருந்தது 5.8 ஆச்சு. இன்னும் அந்தப் படியிலேதான் நிக்குது, ஆனா செருப்பை மாட்டிக்கிட்டு நிக்குது! (சிரிப்பு) தரையிலே உட்கார்ந்தா கை ஊணாம எந்திரிக்கிறேன். எங்க அம்மாவாலே முடியாதது அது. அரிசிப் பையை மாடிக்கு நானே தூக்குறேன். ஐந்தே முக்காலுக்கு நான் கிளம்புறதாலே எங்க வீட்டுக்காரர் பால் காய்ச்சப் பழகிட்டார். முதல் வாரம் பொங்கவிட்டார். தைப்பொங்கல் வருஷத்துக்கு ஒரு தடவைதான், எங்க வீட்டிலே வாரத்துக்கு மூணு தடவை! (பலத்த சிரிப்பு) இப்ப நல்லாக் காய்ச்சுறார். எங்க அத்தை, “நீ போம்மா, பையனை நான் எழுப்புறேன்” என்கிறாங்க. பொண்ணு, “அம்மா, நீ எந்திரிக்கிற சத்தத்திலேதான் நான் படிக்க எந்திரிக்கிறேன், லீவு போட்டுடாதே” என்கிறா. ஒருத்தி வகுப்புக்குப் போனா வீடே ஒரு கூட்டு முயற்சியா மாறிருது.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று ஒரு அதிகாரமே வைத்தார். 95-ஆவது அதிகாரம். அதிலே நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலே இருந்து கவனிக்கிறவர் என்று நாலு பேரையும் சேர்த்துத்தான் மருத்துவம் என்கிறார். நோய் தீர்க்கவே நாலு கூறு சேர வேண்டியிருக்கும்போது, நோய் வராமல் காக்க மட்டும் தனி ஆள் போதும் என்று எதிரணி சொல்வது நியாயமா?

ஆகவே நடுவர் அவர்களே! நடக்கிறவங்க நடக்கட்டும். வேண்டாம்னு நான் சொல்லலை. போகும்போது அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, இன்னொரு ஆளையும் கூட்டிட்டுப் போகட்டும். தம்பி! நாளைக்குக் காலையிலே தெப்பக்குளத்துக்குப் போகும்போது அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. திரும்பி வந்து காபியை நீங்க போடுங்க. அப்புறம் நீங்களே எங்க அணியிலே வந்து உட்கார்ந்துடுவீங்க! (சிரிப்பு, கைதட்டல்)

நேரமில்லாத தாய்க்கும் தந்தைக்கும் உடல்நலம் காக்கப் பெரிதும் கைகொடுப்பது கூட்டு முயற்சியே, கூட்டு முயற்சியே என்று தாங்கள் நல்லதொரு தீர்ப்பை வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)